முயலுக்கும் ஒரு புரவலர்

முழுமதியின் மேனியில் தோன்றும் கறையை முயலென்று காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. வடமொழியிலும் மதிக்குச் சசாங்கன், அதாவது முயலை அடையாளமாக உடையவன், என்னும் பெயர் வழங்குகிறது. பசியோடு வந்த விருந்தினனுக்குத் தன் உடலையே உணவாக அளிக்க முன்வந்த முயலின் கதை சசஜாதகம் என்னும் பெயரால் பௌத்த ஜாதகக் கதைகளுள் இடம்பெற்றிருப்பதை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். அம்முயலின் ஈகையை உலகம் மறவாதிருக்கும் பொருட்டு அதன் உருவத்தைச் சக்கன் நிலவிலே வரைந்தான் என அக்கதை முடிகிறது. சிங்கத்தைக் கிணற்றிலே வீழ்த்திய சிறுமுயலோ பஞ்சதந்திரத்தின் வழியாகப் பாலர் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் அறிமுகமானது. இவ்வாறு, கொடுக்கும் முயலையும் வெல்லும் முயலையும் பழங்கதைகள் நமக்குக் காட்டியிருக்கின்றன. விலை கொடுத்து வாங்கப்பட்டு, சில மாதங்களுள் சலிப்புத் தட்டித் தெருவிலே விடப்படும் முயலை அவை காட்டவில்லை. அந்த முயல் இக்காலத்துக்கு உரியது.

அத்தகைய முயல்களைத் தேடி எடுத்து வைத்துக் காக்கும் புகலிடங்கள் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வேறு சில நாடுகளிலும் இயங்கி வருகின்றன. அங்குள்ள ஒரு முயலின் உணவுக்கும் மருந்துக்கும் தொலைவிலிருக்கும் ஒருவர் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை அனுப்புவார். முயல் புகலிடத்திலேயே இருக்கும். பணம் அனுப்புபவர் அதனை ஒருபோதும் தம் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பலர் அதனை நேரில் காண்பதும் இல்லை. இம்முறையையே முயலுக்கு அனுசரணை வழங்குதல் என்கின்றனர். முதன்முறை கேட்போருக்கு இது செல்வர்களின் வேடிக்கை விளையாட்டாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்தப் பணம் ஏன் தேவைப்படுகிறது, அது எந்த முயலுக்குச் செல்கிறது என்பவற்றை ஆராய்ந்தால், இதன் பின்னே மனிதனின் பொறுப்பைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி இருப்பது புலனாகும்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் வேண்டும். முயல் என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு விலங்குகளைக் குறிக்கிறோம். இலங்கையின் பற்றைக்காடுகளிலும் வயலோரங்களிலும் காணப்படுவது பின்கழுத்திலே கருநிறம் படிந்த காட்டுமுயல். அதன் குட்டிகள் உடல் முழுதும் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் நிலத்தின் மேலேயே பிறக்கின்றன. அதனை எக்காலத்திலும் எவரும் வீட்டு விலங்காக ஆக்கியதில்லை. கூண்டுகளிலே வளர்க்கப்படும் வெண்முயலும் பலநிற முயலும் வேறு இனத்தவை. ஸ்பெயினும் போர்த்துக்கலும் அமைந்துள்ள ஐபீரியக் குடாநாட்டையும் அதனை அடுத்த பிரான்சின் தென்பகுதியையும் தாயகமாகக் கொண்ட ஐரோப்பிய வளைமுயலே அவற்றின் மூதாதை. அது நிலத்தினுள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் இயல்பினது. அதன் குட்டிகள் உரோமமின்றி, கண் மூடியவாறு வளைக்குள் பிறந்து, ஏறத்தாழப் பத்து நாட்களின் பின்னரே கண் விழிக்கும். உலகிலுள்ள வீட்டு முயல் வகைகள் யாவும் இந்த ஓர் இனத்திலிருந்தே தோன்றியவை.

இவ்விலங்கை மனிதன் முதலிலே இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வளர்த்தான். உரோமர் காலத்திலேயே மதில் சூழ்ந்த தோட்டங்களில் முயல்கள் அடைத்து வளர்க்கப்பட்டன. பின்னர் அழகுக்காகவும் கண்காட்சிக்காகவும் பலவகை முயல்கள் உருவாக்கப்பட்டன. வீட்டின் பின்புறத்தில் ஒரு மரக்கூண்டில் இட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக வளர்ப்பது மேலைநாடுகளில் பொது வழக்கமாயிற்று. 1985ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவைச் சேர்ந்த மரினெல் ஹரிமன் என்னும் அம்மையார், முயலைக் கூண்டிலன்றி வீட்டினுள்ளே, பூனையையும் நாயையும் போல உடன்வாழும் பிராணியாக வளர்க்கலாம் என விளக்கி ஒரு கைந்நூலை வெளியிட்டார். மலசலம் கழிப்பதற்கு ஒரே இடத்தை நாடும் பழக்கத்தை முயலுக்கு எளிதிற் பயிற்றலாம் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. 1988ஆம் ஆண்டில் அவரும் அவரைச் சார்ந்தோரும் வீட்டு முயற் சங்கம் என்னும் பொருள்படும் ஓர் அமைப்பை நிறுவினர். காப்பகங்களில் இடமின்றிக் கொல்லப்படவிருந்த முயல்களை மீட்டு, தக்க வீடுகளிற் சேர்ப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது.

கொல்லப்படவிருந்த முயல்கள் என்பது மிகைக்கூற்று அன்று. கைவிடப்பட்ட விலங்குகளை ஏற்கும் நகரக் காப்பகங்களில் இடம் குறைவு. வந்து சேரும் உயிர்களோ பல. குறித்த காலத்துள் ஒருவரும் ஏற்க முன்வராத விலங்குகளை ஊசி மருந்தினால் இறக்கச் செய்யும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. இன்றும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. நாய்க்கும் பூனைக்கும் பரிந்து பேசுவோர் ஊர்தோறும் இருந்தனர். முயலுக்குப் பரிந்து பேசுவோர் மிகச் சிலரே. குரைக்கவும் கத்தவும் அறியாத விலங்கு தன் துன்பத்தைத் தானே வெளியிட்டுக் கொள்ளவும் இயலாததாயிற்று.

இத்தனை முயல்கள் கைவிடப்படுவது ஏன்? முயல் மலிவானது, சிறியது, காண்பதற்கு இனியது. ஆகவே யோசனையின்றி வாங்கப்படுகிறது. மேலைநாடுகளில் உயிர்த்த ஞாயிறுப் பண்டிகையோடு முயலின் உருவம் இணைந்திருப்பதால், அக்காலத்தில் பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு முயற்குட்டிகளைப் பரிசாக வாங்கிக் கொடுப்பர். குட்டி நான்கைந்து மாதங்களிற் பருவமடையும். அதன் பின் அது நிலத்தைத் தோண்டும், மின்கம்பிகளைக் கடிக்கும், எல்லை குறிக்கச் சிறுநீர் தெளிக்கும். கையிலே தூக்கினால் நிலத்தை விட்டு உயர்த்தப்பட்ட அச்சத்தால் உதைக்கும். பொம்மை என எண்ணி வாங்கியது பொம்மை அன்று என்பது அப்பொழுதே தெரியவரும். நன்கு பேணப்பட்ட முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பிள்ளையின் ஆசை அத்தனை ஆண்டுகள் நிலைப்பதில்லை. இதனைக் கண்ட ஒகையோ மாநிலத்து முயல் அன்பர்கள், பண்டிகைக்கு உயிர் முயலை வாங்காது சொக்கலேற்றினாற் செய்த முயலை வாங்குமாறு வேண்டி 2002ஆம் ஆண்டில் ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அது பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது.

முயலின் இனப்பெருக்க வேகம் மற்றொரு காரணம். பெண் முயலின் கருப்பகாலம் ஏறத்தாழ முப்பத்தொரு நாட்கள். குட்டிகளை ஈன்ற சில மணி நேரத்துக்குள்ளேயே அது மீண்டும் கருத்தரிக்கக்கூடும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறத்தல் இயல்பு; அதனினும் கூடுதலாகப் பிறத்தலும் உண்டு. அக்குட்டிகளும் அரை ஆண்டு நிறையுமுன் தாமும் ஈனும் பருவத்தை அடைந்துவிடும். ஆணையும் பெண்ணையும் வேறு பிரிக்காமல், கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்யாமல் வைத்திருப்பவரின் வீட்டில் என்ன நிகழும் என்பதை வாய்ப்பாடு அறிந்த சிறுவனும் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அக்கணக்கு மெய்யாகவே நடந்தேறிய ஓர் இடம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரம். அங்கே ஒரு வீட்டின் பின்முற்றத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முயல்கள் பெருகியிருப்பது 2006ஆம் ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. இத்தகைய நெரிசலில் முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும், புண்கள் சீழ்ப்பிடிக்கும், நோய்கள் விரைந்து பரவும். அத்தனை முயல்களையும் ஏற்பதற்கு எந்தக் காப்பகத்திலும் இடம் இருக்கவில்லை. பெஸ்ட் பிரெண்ட்ஸ் என்னும் விலங்கு நலச் சங்கத்தார் முன்வந்து, அவற்றுக்கெனத் தற்காலிகமான ஒரு புகலிடத்தை அமைத்தனர். மிருக வைத்தியர்களும் தொண்டர்களும் பல இடங்களிலிருந்து வந்து கூடினர். முயல்களுக்கு மருந்திட்டு, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்து, பல மாநிலங்களிலுள்ள முயல் மீட்புச் சங்கங்களின் துணையோடு அவற்றுக்கு வீடு தேடும் பணி மாதக்கணக்காக நீடித்தது. வாங்கும்போது சில டொலர்களே பெறுமதியான ஒரு பிராணியைச் சரிவரப் பேணாததன் விலை எவ்வளவு என்பதை இந்நிகழ்ச்சி பலருக்கும் உணர்த்தியது.

மேற்கூறிய சங்கத்தின் தலைமைப் புகலிடம் யூற்றா மாநிலத்தின் தெற்கே, கனாப் என்னும் சிற்றூருக்கு அண்மையில், செந்நிறப் பாறைகள் ஓங்கிய பள்ளத்தாக்கொன்றில் அமைந்திருக்கிறது. 1984ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அங்கு நாய், பூனை, குதிரை, பன்றி, பறவைகள் முதலானவற்றோடு முயல்களுக்கும் தனி இல்லம் உண்டு. குணப்படுத்தக்கூடிய எவ்வுயிரையும் இடமின்மை காரணமாகக் கொல்லலாகாது என்பது அச்சங்கத்தின் அடிப்படைக் கொள்கை. புகலிடத்துக்கு வரும் முயல்களுள் இளமையும் நலமும் உடையவற்றுக்கு நாளடைவிலே வீடு கிடைத்துவிடும். அவற்றை ஏற்க விரும்புவோர் வருவர், பார்ப்பர், கொண்டு செல்வர். பின் எஞ்சி நிற்பவை எவை என்பதிலேதான் அனுசரணையின் தேவை தங்கியிருக்கிறது.

எஞ்சி நிற்பவற்றின் நிலையை அறிய முயலின் உடலமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். முயலின் இருபத்தெட்டுப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். முன்பற்கள் கிழமைக்கு இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர் வரை நீளும். நார் நிறைந்த புல்லை இடைவிடாது அரைப்பதாலேயே அவை தேய்ந்து அளவில் நிற்கின்றன. புல்லுக்குப் பதிலாகத் தானியமும் இனிப்பும் ஊட்டி வளர்க்கப்பட்ட முயலுக்கும், முகம் குறுகியிருக்குமாறு உருவாக்கப்பட்ட வகைகளிற் பிறந்த முயலுக்கும் பற்கள் சரியாகத் தேய்வதில்லை. அவை கூர்ந்து நீண்டு நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். வேர்கள் பின்னோக்கி வளர்ந்து கண்ணையும் தாக்கும். அத்தகைய முயலுக்குச் சில கிழமைகளுக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீர்செய்தல் வேண்டும். இது ஒருநாட் செலவு அன்று. முயல் உயிரோடிருக்கும் காலமெல்லாம் தொடரும் செலவு.

முயலின் எலும்புகளும் மென்மையானவை. பூனையின் உடல் எடையில் எலும்புக்கூடு பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதமாக இருக்க, முயலுக்கு அது ஏழெட்டுச் சதவீதமே. பின்கால்களின் தசைகளோ மிக வலியவை. முறைதவறித் தூக்கப்பட்ட முயல் அஞ்சி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்வதுண்டு. குழந்தைகளின் அன்பான அணைப்பிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. இவ்வாறு பின்னுடல் செயலிழந்த முயல்களும், மூளையைத் தாக்கும் ஒருவகை ஒட்டுண்ணியால் தலை ஒருபுறமாகத் திருகி நிற்கும் முயல்களும், கண்ணிழந்தவையும், முதுமையடைந்தவையும் புகலிடங்களிலே தங்கிவிடுகின்றன. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதக்காரரைப் பற்றி நாம் பழமொழி கூறுவோம். நோயாலோ காயத்தாலோ ஒரு கால் நீக்கப்பட்டு, மூன்று கால்களோடு தத்தித் திரியும் முயலை மெய்யாகவே இத்தகைய இடங்களிற் காணலாம். இவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்ல வருவோர் அரியர். வந்தாலும் நாளுக்கு இருமுறை மருந்தூட்டவும், நனைந்த உடலைத் துடைத்து உலர்த்தவும், மாதந்தோறும் வைத்தியரிடம் செல்லவும் எல்லாராலும் இயல்வதில்லை.

இவற்றைப் பராமரிப்போரின் வேலை விடியற்காலையிலே தொடங்கும். முயலின் உணவிற் பெரும்பகுதி உலர்ந்த புல். அது எந்நேரமும் குறைவின்றி இருத்தல் வேண்டும். கீரைவகைகள் கழுவி வைக்கப்படும், நீர் மாற்றப்படும், பாய்களும் துணிகளும் வெளுக்கப்படும். இவற்றுள் எல்லாம் தலையாய வேலை, ஒவ்வொரு முயலும் முன்னாள் இரவு உண்டதா, அதன் புழுக்கை வழமையான அளவிலும் எண்ணிக்கையிலும் உளதா என்று நோக்குவதாகும். முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர். நோயுற்றதை வெளிக்காட்டும் முயலைக் காட்டிலே பகை விலங்கு முதலிற் பற்றிவிடும். ஆதலால் வலியை மறைத்துக்கொள்ளுதல் அதன் பிறவிக்குணமாகிவிட்டது. அதன் குடலும் ஓயாது இயங்கும் அமைப்புடையது. அரைநாள் உண்ணாதிருந்தாலே குடல் அசைவு நின்று உயிருக்கு ஆபத்து நேரும். மூலையிலே அசையாது அமர்ந்திருக்கும் முயலைக் கண்டு சாதுவாக இருக்கிறதென்று எண்ணிச் செல்பவர் மறுநாள் அதன் உடலையே காண்பார். பழகிய கண்ணுடையவர் ஒருவர் நாள்தோறும் பார்த்தல் அவசியம். புகலிடத்தின் செலவுகளுள் அத்தகையோரின் சம்பளமும் ஒன்று.

எதிர்பாராத செலவுகளும் வருவதுண்டு. முயல்களை ஓரிரு நாட்களுள் கொல்லும் குருதிப்பெருக்கு நோயொன்று 1984ஆம் ஆண்டிற் சீனாவில் முதன்முதலாக அறியப்பட்டது. அந்நோய்க் கிருமியின் புதிய வகை 2010ஆம் ஆண்டிற் பிரான்சிலே தோன்றி, 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களிற் பரவலாயிற்று. இது வீட்டு முயல்களோடு காட்டில் வாழும் முயலினங்களையும் தாக்கும். பாதணியில் ஒட்டிய மண், புல்லுக்கட்டு, ஈ ஆகியவற்றின் மூலமாகவும் இது தொற்றக்கூடும். புகலிடங்கள் பார்வையாளரைக் கட்டுப்படுத்தவும், தொற்றுநீக்கிகளைப் பயன்படுத்தவும், ஒவ்வொரு முயலுக்கும் தடுப்பூசி இடவும் நேர்ந்தது. இத்தகைய காலத்தில், எப்பொழுதோ ஒருமுறை மனமிரங்கி ஒருவர் கொடுக்கும் நன்கொடையை நம்பி ஒரு புகலிடத்தை நடத்துதல் அரிது. மாதந்தோறும் தவறாது வரும் சிறுதொகைகளே அதற்கு ஊன்றுகோலாகின்றன.

அனுசரணை முறை இயங்கும் விதம் எளிது. புகலிடத்தார் தம்மிடமுள்ள முயல்களுட் சிலவற்றின் புகைப்படத்தையும் பெயரையும் வரலாற்றையும் வெளியிடுவர். அது எங்கே கண்டெடுக்கப்பட்டது, அதன் குறை யாது, எதை விரும்பி உண்ணும், எந்த முயலோடு கூடி வாழ்கிறது என்பன அதிற் கூறப்படும். விரும்பியவர் ஒரு முயலைத் தேர்ந்து மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு தொகையைச் செலுத்த உடன்படுவார். அவருக்கு ஒரு சான்றிதழும் புகைப்படமும் அனுப்பப்படும். பின்னர் காலத்துக்குக் காலம் அம்முயலின் நலத்தைப் பற்றிய செய்திகள் வரும். பிறந்தநாட் பரிசாக மற்றொருவரின் பெயரில் அனுசரணை வழங்குவோரும் உளர். உயிர் முயலைப் பெட்டியிலிட்டுப் பரிசளிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் சிந்திக்கத்தக்கது. முன்னது ஒரு புதிய முயலை ஆபத்துக்குள்ளாக்குகிறது. பின்னது, முன்னரே ஆபத்திற் சிக்கிய ஒன்றைத் தாங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். ஒருவர் அனுப்பும் பணம் அவர் தேர்ந்த முயலுக்கே செலவிடப்படுமா? பெரும்பாலான புகலிடங்களில் அவ்வாறு தனித்தனிக் கணக்கு வைப்பதில்லை. ஒரு முயலின் பெயரால் வரும் பணம் அங்குள்ள எல்லா முயல்களுக்கும் பொதுவிற் பயன்படும். அழகிய முகமுடைய முயலுக்கு அனுசரணையாளர் பலர் கிடைப்பர்; அச்சத்தால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் முயலுக்கு ஒருவரும் கிடையார். அழகுக்கு ஏற்ப உணவைப் பங்கிடுதல் முறையாகுமா? ஆதலால் பொதுநிதி வைப்பதே நீதியானது. ஆயினும் அதனை மறைக்காது முன்னரே தெரிவித்தல் புகலிடத்தாரின் கடமை. ஆண்டுதோறும் வரவு செலவை வெளியிடுவதும், கேட்போருக்குக் கணக்குக் காட்டுவதும், புதிய முயல்களை ஏற்குமுன் தமது இடத்தையும் ஆளையும் அளந்து பார்ப்பதும் நல்ல புகலிடத்தின் அடையாளங்கள். தம் ஆற்றலுக்கு மிஞ்சி ஏற்றுக்கொண்டு, ஈற்றில் விலங்குகளைப் பட்டினி போட்ட இடங்களும் உண்டு. இரக்கம் மட்டுமே உடையவரிடம் பணத்தை ஒப்படைப்பதிலும், இரக்கத்தோடு கணக்கும் உடையவரிடம் ஒப்படைத்தல் மேலானது.

விலங்குகளுக்கு இவ்வளவு செய்யலாமா, மனிதரே பசித்திருக்கும் உலகில் முயலுக்குப் பணமா என்று கேட்போரும் உளர். இக்கேள்வியை எள்ளி ஒதுக்குதல் கூடாது. பசித்த குழந்தைக்கு உரியதைப் பறித்து முயலுக்கு ஊட்டுமாறு எவரும் கூறார். ஆயினும் முயலுக்குக் கொடாத பணம் தானாகவே ஏழையின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதும் இல்லை. அன்றியும், இம்முயல்கள் காட்டிலே தம்பாட்டில் வாழ்ந்தவை அல்ல. இவற்றை வளையிலிருந்து எடுத்துக் கூண்டில் இட்டவன் மனிதன். முகத்தைக் குறுக்கிப் பல்லைக் கோணச் செய்தவன் மனிதன். விலைகூறி விற்றவனும் வாங்கியவனும் மனிதனே. வெண்ணிற உடலும், பகையை அறியாத பழக்கமும் உடைய வீட்டு முயலைக் காட்டில் விட்டாலும் அது பிழைப்பது அரிது. பிழைத்துப் பெருகினாலோ அது வேறொரு கேடாக முடியும். 1859ஆம் ஆண்டில் தோமஸ் ஒஸ்ரின் என்பவர் வேட்டையாடும் பொருட்டு அவுஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியிற் கொண்டுவந்து விட்ட சில முயல்கள், அந்நாட்டின் புல்வெளிகளையே அழிக்கும் பெருங்கூட்டமாகப் பெருகிய வரலாறு உலகறிந்தது. ஆகவே வாங்கிய உயிரைப் பேணுவதைத் தவிர நேர்மையான வேறு வழி இல்லை. வாங்கியவர் கைவிட்ட கடமையை முகமறியாத ஒருவர் தம் தோளில் ஏற்கிறார் என்பதே அனுசரணையின் உட்பொருள்.

யாரோ ஒருவர் பேணிக்கொள்வார் என்ற எண்ணமே கைவிடுவோருக்கு ஊக்கமளிக்காதா என்பது மற்றொரு தடை. இதில் உண்மை இல்லாமலில்லை. நிரம்பி வழியும் தொட்டியை அகப்பையால் இறைத்துக்கொண்டிருப்பதோடு நீர்க்குழாயை அடைக்கவும் வேண்டும். இதனை விலங்கு நலச் சங்கங்கள் உணர்ந்தே இருக்கின்றன. அவற்றின் முயற்சிகளின் பயனாகக் கலிபோர்ணியா மாநிலத்திலே 2019ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், செல்லப்பிராணிக் கடைகள் வணிகத்துக்காக இனம்பெருக்கப்பட்ட நாய், பூனை, முயல் ஆகியவற்றை விற்றல் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்திலும் இம்மூன்றையும் கடைகளில் விற்பதைத் தடுக்கும் சட்டம் 2024ஆம் ஆண்டு திசெம்பரில் நடைமுறைக்கு வந்தது. நாயோடும் பூனையோடும் முயலின் பெயரும் சட்டத்தில் எழுதப்பட்டமை, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் எதிர்பாராத ஒன்று. பிரித்தானியாவிலோ, கூண்டு மட்டும் போதாது என்னும் முழக்கத்தோடு முயல் நலச் சங்கத்தார் மக்களுக்கு அறிவுறுத்தி வருகின்றனர். இரு முயல்கள் வாழ மூன்று மீற்றர் நீளமும் இரண்டு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் உயரமும் உள்ள இடமாயினும் எந்நேரமும் இருத்தல் வேண்டும் என்பது அவர்களின் கணிப்பு. கடைகளில் விற்கப்படும் கூண்டுகளிற் பல இந்த அளவிற் சிறுபங்கும் இல்லாதவை.

நம் நாட்டிலும் வெண்முயற் குட்டிகள் விற்கப்படுவதையும், பிள்ளைகள் அவற்றை ஆசையோடு கேட்பதையும் காண்கிறோம். முயலுக்கு வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் இல்லை. நீண்ட செவிகளின் வழியாகவே அது வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. குளிர்ந்த வளைக்குள் பகலைக் கழிக்கும் இனத்திற் பிறந்த அதனைத் தகரக் கூரையின் கீழே கம்பிக்கூண்டில் இட்டு நண்பகல் வெயிலுக்கு விட்டுவிடுதல் அதன் உயிருக்கு இறுதி வைப்பதாகும். ஒரு பிள்ளை முயல் வேண்டுமெனக் கேட்கும்போது பெற்றோர் கணக்கிட வேண்டியது கடைக்காரர் கூறும் விலையை அன்று. நிழலுண்டா, ஓடித்திரிய இடமுண்டா, நாள்தோறும் புல் கிடைக்குமா, துணைக்கு மற்றொரு முயல் உண்டா, முயலின் நோயறிந்த மிருக வைத்தியர் அண்மையில் உளரா, இன்று ஏழு வயதான பிள்ளை பதினேழு வயதை அடையும்போதும் இதனைப் பார்த்துக்கொள்வார் யார் என்பனவே அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை. இவற்றுக்கு விடை இல்லையாயின், இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லுதலே முயலுக்குச் செய்யும் முதலாவது அனுசரணை. அதற்குப் பணமும் வேண்டியதில்லை.

புகலிடத்து முயல் ஒருநாள் இறக்கும். அன்று அதன் அனுசரணையாளருக்கு ஒரு கடிதம் செல்லும். முயலின் கடைசி நாட்கள் எவ்வாறு கழிந்தன, அதன் துணைமுயல் இப்பொழுது எவ்வாறு இருக்கிறது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். கடிதத்தின் அடியிலே, தங்கள் உதவி வேறொரு முயலுக்குத் தொடரலாமா என்ற வேண்டுகோளும் இருக்கும். தாம் ஒருநாளும் தொட்டறியாத முயலுக்காகக் கண்கலங்கி, அடுத்த முயலின் பெயரை எழுதி அனுப்புவோர் பலர். அடுத்ததாக அவர்களுக்கு வரும் புகைப்படத்தில், தலை ஒருபுறம் சாய்ந்த ஒரு முயல், துணி விரித்த தரையிலே புல்லைக் கொறித்தபடி அமர்ந்திருக்கும்.